பேனரின் பின்பக்கம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம், நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், எங்களுக்கு அது போதும். அம்மாவுக்கு மூட்டுவலி பரவாயில்லை, என்னைத் திட்டும் அளவுக்குத் தெம்பு வந்துவிட்டது.

பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற கையோடு சமுதாயக் கல்லூரியில் மாலை வகுப்பில் கணக்கியல் படிக்கப் போனேன் அல்லவா, இப்போது உன் அப்பா பெரிய ஆள். 'எல்லோருக்கும் இங்கே இடமுண்டு' என்று கல்லூரி வாசலில் பேனர் கட்டியிருக்கிறார்கள், அதில் நரைத்த தலையோடு நான், பக்கத்தில் சக்கர நாற்காலியில் என் வகுப்புத் தையல்காரப் பெண். அந்தப் படத்துக்கு நேர் கீழே வாட்ச்மேன் என்னை மறித்து, "பெத்தவங்கல்லாம் வெளியதான் நிக்கணும் பெரியவரே" என்றார். படத்தைக் காட்டினேன், உற்றுப் பார்த்துவிட்டு உங்கள் தம்பியா என்று கேட்டார்.

வேலைக்குப் போகிறவர்களுக்கென்றே மாணவர் உதவி மையமும் திறந்திருக்கிறார்கள், ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள், எங்கள் வகுப்பு ஆறுக்கு. கூடவே லிஃப்டையும் பூட்டிவிடுவார்கள். வகுப்பு இரண்டாம் மாடியில் என்பதால் அந்தப் பெண்ணை நாற்காலியோடு நாங்கள்தான் தூக்கிப் போவோம். போன வாரம் படியில் ஒருவருக்குக் கால் இடறிவிட்டது. "மூட்டை மாதிரி தூக்கிட்டுப் போனது போதும்ப்பா, நான் இனிமே வரல" என்றாள். சொந்தமாகக் கடை போடத்தான் படிக்க வந்தவள் அவள். முதல்வரிடம் போய்ச் சொன்னேன். லிஃப்ட் விஷயத்தை ஆராயக் குழு அமைப்பதாகவும் அவளையே உறுப்பினராகப் போடுவதாகவும் சொன்னார். கூட்டம் மாலை ஆறரைக்கு, மூன்றாம் மாடியில்.

ஏற முடியாத பயணி நின்றால் நாம்தான் வண்டியை ஒட்டி நிறுத்த வேண்டும், ஓட்டுநருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மறுநாள் எல்லோருமாக நாற்காலிகளைக் கீழே இறக்கி வாசலில் போட்டோம், அவளுக்கும் போன் செய்தேன், நம்பாமலேயே வந்தாள். ஆசிரியருக்கு எழுத இடமில்லை, பேனரைத் திருப்பிக் கட்டினோம், பின்பக்கம் நல்ல வெள்ளை, மார்க்கர் பேனாவால் பற்று வரவு போட்டார். மூன்றாம் நாளே லிஃப்ட் சாவி வாட்ச்மேன் கைக்கு வந்துவிட்டது, பேனர் பாழாகிறதாம்.

உடம்பைப் பார்த்துக்கொள், சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, மூவரும் நூறு வயது நன்றாக இருங்கள். பேத்தியின் சட்டை அளவை மறக்காமல் அனுப்பு. தையல்காரப் பெண் கேட்டாள், தன் கடையின் முதல் சட்டை அதுதானாம்.

இப்படிக்கு,
பரீட்சைக்குப் பயந்தபடி,
அப்பா