வாய்வும் நெத்திலியும்

பீடோங்,
ஞாயிறு.

அன்புள்ள மகன் சுதர்ஷனுக்கு,

தப்பு என்று தெரிந்தும் ஏன் அம்மா சமைத்துக் கொடுத்தீர்கள் என்று நேற்றுப் போனில் கேட்டாய். யோசித்துப் பார்த்தேன், எனக்குத் தெரியவில்லை. நான் நலம், பெர்த்தில் நீயும் நலமாக இருக்க வேண்டும். அப்பா நலமாக இல்லை, கவுட் என்னும் மூட்டு நோய் முற்றிவிட்டது. கவுட் என்பது வாதம்தான் அப்பா, சாப்பாட்டிலேயே சரி பண்ணலாம், மாத்திரைய நிறுத்துங்க என்று சொன்னவன் நீ. வாதம் என்றதை அவர் வாய்வு என்று எடுத்துக்கொண்டார். உருளைக்கிழங்கு, பருப்பு, பலாக்காய் எதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது என்றார். வாய்வு இல்லாதது என்று கோழி ஈரலும், கோத்தா கோலா மூடா மீன் சந்தையில் வாங்கிவந்த நெத்திலியும் மூன்று மாதம் தினமும் சாப்பிட்டார். இது காற்று இல்லை, சிறுநீரகம் வெளியேற்றாத யூரிக் அமிலம் மூட்டில் படிவது, ஈரலும் நெத்திலியும் அதைக் கூட்டும் என்று ஒரு முறை சொன்னேன். மகனே சொல்லிட்டான், நீ என்னா டாக்டரா என்றார். மறுமுறை சொல்லவில்லை. கேட்டதைப் பொரித்துக் கொடுத்தேன்.

இப்போது கால் பெருவிரலில் போர்வை பட்டாலும் கத்துகிறார். பெரியப்பா தேவதாசன் வந்து பார்த்துவிட்டு, என்னா தயா, மவன் கல்யாணத்துக்கு சிலிப்பர் போட்டுதான் போவப் போறியா லா என்று சிரித்தார். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நாளைக்கு இரத்தப் பரிசோதனை முடிவு. சிறுநீரகம் சரியாக இருந்தால்தான் அடுத்த மாதம் உன் கல்யாணத்துக்கு விமானம் ஏறலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

இது குடும்பத்தில் வருவது, உனக்கும் வரலாம். தண்ணீர் நிறையக் குடி, எடையைக் குறை, பீரையும் சீனி போட்ட பானங்களையும் விடு. இயற்கை வழி உதவும், ஆனால் மாத்திரை செய்கிற வேலையை அது செய்யாது. இனி யாருக்கும் மாத்திரையை நிறுத்தச் சொல்லாதே.

உன் புது வாழ்வுக்கு என் ஆசி எப்போதும் உண்டு. இரத்தத்தில் யூரிக் அமிலம் பார்த்து முடிவை எனக்கு அனுப்ப மறக்காதே.

அம்மா,
சுகந்தினி தயாநிதி

திங்கள்: முடிவு வந்தது. சிறுநீரகம் முப்பது சதவீதம்தான் வேலை செய்கிறது, பயணம் கூடாது என்றார் டாக்டர். மாத்திரையை நிறுத்தச் சொன்னது யார் என்று கேட்டார். அப்பா உன் பெயரைச் சொல்லவில்லை. என்னைக் காட்டி, இவதான் டாக்டர், தெரிஞ்சேதான் சமைச்சுப் போட்டா என்றார். வெளியே வந்ததும் அப்பாவின் டிக்கெட்டை ரத்து செய்தேன். என்னுடையதை வைத்துக்கொண்டேன்.