குஞ்சம்மாள் ஏற்றிப் போட்ட அணா

மோகனூர்,
ஐப்பசி மாதம், 1936

ரங்கூனில் அரிசி மில் வேலையில் இருக்கும் என் மகன் அருணகிரிக்குத் தகப்பன் தீர்த்தகிரி ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், காவிரியிலும் தண்ணீர் குறையவில்லை. கடல் தாண்டி இருக்கும் நீ நோய்நொடி இல்லாமல் இருக்க உன் அம்மா அத்தாயி தினமும் விளக்கு வைத்துக் கும்பிடுகிறாள். உன் சம்சாரம் ராஜம்மாளும் பிறந்த ஆண்பிள்ளையும் சுகம்.

சோளத்தட்டு அறுக்கையில் சோகை இலை என் கண்ணைக் கிழித்துவிட்டதால் சேலம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதாயிற்று. பிள்ளை பெற்றவளை விட்டு உன் அம்மா நகர முடியாது, ஆகவே உன் மகள் குஞ்சம்மாளைத்தான் துணைக்கு அழைத்துப் போனேன். டாக்டர் மருந்து விட்டு இரண்டு கண்ணையும் கட்டி, இரண்டு நாள் கழித்து வரச் சொல்லிவிட்டார். பக்கத்துச் சத்திரத்தில் தங்கினோம், சுருக்குப்பை ஒன்பது வயதுப் பிள்ளையின் கையில். காலணா அரையணா எது வந்தாலும் மேலே ஏற்றி முழு அணாவாக வைத்துக் கூட்டிப் பார், எங்கேயும் காசு பற்றாமல் நிற்க மாட்டாய் என்று நீ அவளுக்கு எழுதியிருந்தாய் அல்லவா, அதையே பிடித்துக்கொண்டாள். கடையில் இட்லி ஒன்று காலணா, நாலு இட்லி ஓரணா, ஒவ்வொன்றையும் ஏற்றியதில் அவள் கணக்கில் நாலணா. இன்னும் வாங்க வேண்டியதை இப்படியே ஏற்றிக் கூட்டியதில், ஊர் திரும்பப் பஸ்ஸுக்கு மிஞ்சாது என்று முடிவு கட்டிவிட்டாள். வேளை தவறாமல் எனக்கு வாங்கி வந்து ஊட்டினாள். நீ தின்றாயா சாமி என்று கேட்டால், ஆச்சுங்க அப்பாரு என்பாள். கண் கட்டியிருக்கிறவனுக்கு என்ன தெரியும்.

மறுநாள், தாயாரின் கண் வைத்தியத்துக்காக அங்கே தங்கியிருந்த ராசிபுரத்து நெசவுக்காரப் பெண் செல்லியம்மாள் வந்து, ஏனுங்க பெரியவரே, உங்க பேத்தி நேத்திருந்து வெறுந்தண்ணியத்தான் குடிக்குது, பசிக்குதான்னா இல்லீங்குது என்றாள். கூப்பிட்டுக் கேட்டேன். நானும் தின்னா பஸ்ஸுக்குப் பத்தாதுங்க அப்பாரு, கண்ணு தெரியாத உங்களை அம்புட்டுத் தூரம் எப்படி நடத்திக் கூட்டிப் போவேன் என்றாள். அழக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தும் கட்டு நனைந்துவிட்டது. பையை என் மடியில் கொட்டச் சொல்லித் தடவித் தடவி எண்ணினேன். பஸ்ஸுக்குப் போக மிச்சமும் தாராளமாக இருந்தது. செல்லியம்மாளே கடைக்கு அழைத்துப் போய்த் தின்னவைத்துக் கூட்டி வந்தாள். பிள்ளை என் மடியிலேயே தூங்கிவிட்டது. கட்டை அவிழ்த்தாயிற்று, பார்வைக்குக் குறைவில்லை, இதை நானேதான் எழுதுகிறேன்.

ஆனால் ஊருக்கு வந்தும் அவள் விடவில்லை. தாய்க்கு வாங்கும் நல்லெண்ணெயையும் ஏற்றிக் கூட்டிவிட்டுத் தனக்கு மறுசோறு வேண்டாம் என்கிறாள். அரையணாவுக்குக் குறைந்ததை விட்டுவிடு, அரையும் அதற்கு மேலும் இருந்தால் ஏற்று என்றுதான் வாத்தியார் மயில்சாமி சொல்லிக் கொடுக்கிறார். எங்கய்யன் அப்படிச் சொல்லலீங்க என்று அவரிடமே சொன்னாளாம். உன்மேல் குறையில்லை அப்பா. அந்நிய ஊரில் காசில்லாமல் நின்றவன் நீ, மகள் நிற்கக் கூடாது என்று எழுதினாய். மில்லில் கூலி குறைத்துவிட்டதாக நீ எழுதிய கடிதத்தையும் தாய்க்குப் படித்துக் காட்டியவள் அவள்தான், அதை யோசித்துக்கொள்.

ஆகையால் அவளுக்கென்று தனிக் காகிதம் போடு. சில்லறையை விட்டுவிடவும் செய்யலாம் என்று உன் கையால் எழுது, நான் சொன்னால் சிரிக்கிறாளே தவிர ஏற்கவில்லை. நீ வேளைக்குச் சாப்பிடுவதையும் மறக்காமல் எழுது. இட்லியைக் கையில் வைத்துக்கொண்டு, ரங்கூன்ல எங்கய்யனுக்கு இட்லி கெடைக்குமுங்களா என்று செல்லியம்மாளைக் கேட்டாளாம். கிடைக்கும் என்று அவள் சொன்ன பிறகுதான் வாயில் வைத்தாளாம்.

பிள்ளைகுட்டிகளோடு நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும்.

உன் தகப்பன்,
தீர்த்தகிரி