தேன்மொழியின் பழைய பிராசஸர்

சித்தூர்
5 ஆகஸ்ட் 2025, இரவு

அன்புள்ள தேனு,

இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள். என் மகள் ஹன்னா இப்போதுதான் தூங்கினாள். வாட்ஸ்அப்பில் நீ என்னை பிளாக் பண்ணி மூன்று வருஷம் ஆகிறது. அதனால்தான் காகிதம்.

19ஆம் தேதி எனக்கு ஒரு வேலைத் தேர்வு. வீட்டிலிருந்தே சர்வர் பார்த்துக்கொள்ளும் வேலை, தேர்வும் வீட்டிலிருந்தே, முழுக்க லினக்ஸில். லேப்டாப் வாங்க வழியில்லை. மாங்கூழ் கம்பெனியில் சீசன் முடிந்து என் வீட்டுக்காரர் ஸ்டான்லி சும்மாதான் இருக்கிறார். நானே அசெம்பிள் பண்ணிவிடலாம் என்று சாமான் சேர்த்தேன். பிராசஸர் மட்டும் புதுசு. படம் காட்டும் சிப் அதிலேயே இருப்பதால் தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டாம். மதர்போர்டு கடையில் மிஞ்சிக் கிடந்த பழைய ஸ்டாக், பாதி விலை. கேபினெட் யாரோ கழித்துப் போட்டது. பவர் சப்ளையில் மட்டும் கஞ்சத்தனம் பண்ணவில்லை. காலேஜில் நீ அடித்துச் சொன்னதாயிற்றே.

ஸ்விட்சைப் போட்டால் ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றுமே வரவில்லை. நாலு நாளாக ரேம் மெமரியைக் கழற்றிக் கழற்றி மாட்டி விரல் நுனி எரிகிறது. "இன்னா கேசியா, சோறு கூட துன்னாம அந்தப் பொட்டியோட மல்லுக்கட்டிக்கினு கீறே" என்கிறார் இவர். இதில் ஒரு ஸ்க்ரூவையும் காணோம். ஹன்னா விழுங்கியிருப்பாளோ என்று அவள் வாயைத் திறந்து திறந்து பார்க்கிறேன்.

எங்கே தப்பு பண்ணினேன் தேனு?

உன் கேசியா

---

திருப்பதி
9 ஆகஸ்ட்

கேசியாவுக்கு,

முதலில் குழந்தையை டாக்டரிடம் காட்டு.

தப்பு போர்டில் இருக்கிறது. அது எந்தெந்த பிராசஸரை ஏற்கும் என்று பார்த்து வாங்கினாயா, விலையை மட்டும் பார்த்தாயா? அதை எழுப்பிவிடும் பயாஸ் புரோகிராம், உன் பிராசஸர் வருவதற்கு முன்னால் எழுதியது. உன்னுடையதை அதற்கு அடையாளம் தெரியாது. பழைய பிராசஸர் ஒன்றை மாட்டி, பென்டிரைவில் புது பயாஸை ஏற்றிவிட்டு, பிறகு உன்னுடையதை மாட்ட வேண்டும்.

அப்படி ஒன்று, ஃபைனல் இயரில் நாம் இரண்டு பேரும் அசெம்பிள் பண்ணிய கம்ப்யூட்டரில் இருக்கிறது. ஹரிபாபுவின் ஜெராக்ஸ் கடையில் அதை வைத்து அப்ளிகேஷன் போட்டுக்கொடுத்துத்தான் பிழைக்கிறேன். தர முடியாது.

கேம்பஸ் இன்டர்வியூவில் உனக்கு அடுத்து நான் போனேன். அந்த கம்ப்யூட்டரைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். "அது கேசியா தனியா பண்ணதுன்னு சொன்னாங்களே" என்று சிரித்தார்கள். தனியாகப் பண்ணினவள், இதையும் தனியாகவே சரிபண்ணு.

தேன்மொழி

---

சித்தூர்
12 ஆகஸ்ட்

தேனு,

ஸ்க்ரூ ஸ்டான்லியின் ஷூவுக்குள் இருந்தது. ஹன்னா நன்றாக இருக்கிறாள்.

நீ எழுதியது நிஜம். 'நாங்கள்' என்றால் பாதிப் பெயர் போய்விடும் என்று பயந்து 'நான்' என்றேன். அப்படி வாங்கிய வேலையும் பிரசவத்தோடு போயிற்று. அன்று சொன்னதைவிட, மூன்று வருஷமாக உன்னிடம் வாயைத் திறக்காமல் இருந்தது கேவலம்.

இங்கே நாலு கடை ஏறி இறங்கிவிட்டேன். புது போர்டு விற்க எல்லோரும் தயார், பழைய பிராசஸரைப் பத்து நிமிஷம் இரவல் தர ஒருவருமில்லை. ஞாயிற்றுக்கிழமை உன் கடை மூடித்தானே இருக்கும், அன்று கழற்றி இரவல் தருவாயா?

கேசியா

---

திருப்பதி
17 ஆகஸ்ட்

கேசியாவுக்கு,

பிராசஸர் பஸ் பார்சலில் வருகிறது. புதன் மதியத்துக்குள் என் கைக்கு வந்தாக வேண்டும். நாளைக்கு கம்ப்யூட்டர் ஓடவில்லை என்று ஹரிபாபு "ஏம்மா, சிஸ்டம்கி ஏமைந்தி?" என்று கத்துவார், ரிப்பேர் என்று சமாளித்துக்கொள்கிறேன்.

கழற்றும்போது மேலே இருக்கும் ஃபேனை நேராக இழுக்காதே. இடையில் தடவியிருக்கும் பேஸ்ட் ஒட்டிக்கொண்டு பிராசஸரும் கூடவே பிய்த்துக்கொண்டு வந்துவிடும். மெல்லத் திருகி எடு. அடியில் இருப்பதெல்லாம் முடி கனம் பின்கள். ஒன்று போனாலும் என் பிழைப்பு போச்சு.

தேன்மொழி

---

சித்தூர்
19 ஆகஸ்ட், இரவு

அன்புள்ள தேனு,

நேற்று பயாஸ் ஏறியது. என் பிராசஸரை மாட்டினேன், லினக்ஸ் வந்தது. இன்று தேர்வும் முடிந்தது.

ஆனால் நீ எதைச் செய்யாதே என்றாயோ அதையே செய்துவிட்டேன். உன்னுடையதைக் கழற்றும்போது ஹன்னா கட்டிலிலிருந்து விழுந்து அலறினாள், நல்லவேளை அடி ஒன்றுமில்லை. ஓடுகிற அவசரத்தில் ஃபேனை நேராக இழுத்தேன். உன் பிராசஸரும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. மூலையில் இரண்டு பின் வளைந்துபோயின. பழைய ஏடிஎம் கார்டின் ஓரத்தைக் கொடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்த்தினேன். என் போர்டில் திரும்ப மாட்டிப் பார்த்தேன், படம் வந்தது. "அதான் வந்துச்சே, ஏன் எழுதி வாங்கிக் கட்டிக்கிறே?" என்றார் ஸ்டான்லி. எழுதாமல் அனுப்ப மனசு வரவில்லை.

தேர்வின் கடைசியில், கேமரா வழியாக என்னைக் கண்காணித்தவர், "இந்த மெஷினை யார் அசெம்பிள் பண்ணது?" என்று கேட்டார். "சாமானை நான் தப்பாக வாங்கினேன் சார். ஓட வைத்தது என் ஃப்ரெண்ட் தேன்மொழி" என்றேன். அவர் என்னவோ எழுதிக்கொண்டார். வேலை கிடைக்குமா, தெரியாது.

காலை முதல் பஸ்ஸில் பார்சல் வருகிறது. மாட்டுவதற்கு முன் அந்த மூலையை நன்றாகப் பார். உன் கம்ப்யூட்டரில் படம் வரவில்லையென்றால், என்னுடையதை அப்படியே பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்து உன் மேஜையில் வைக்கிறேன்.

வந்ததா, இல்லையா, சீக்கிரம் பதில் எழுது.

கேசியா