ஆற்றங்கரையில் நின்ற காட்டுமாடு

அன்புள்ள அம்மாவுக்கு, நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

நான் பார்த்துக்கொள்ளும் கிழவியம்மா நேற்று டிவியில் ஆப்பிரிக்கக் காட்டுமாடுகளைப் போட்டார். புல்லைத் தேடிக் கூட்டமாக ஆற்றைக் கடந்தன. ஒன்று மட்டும் கரையிலேயே நின்றது. பக்கத்தில் முதலை! நான் கரண்டியோடு ஓடிவந்து, "அடியே, தனியா நிக்காதே! கூட்டத்தோட போய்த் தொலை!" என்று கத்திவிட்டேன்.

கிழவியம்மா பல்செட் கழன்று விழச் சிரித்தார். "மாட்டுக்கு மட்டும் புத்தி சொல்றியா? புருஷன் போனதிலேர்ந்து நீயும் அடுப்படியில தனியாத்தானே சாப்பிடறே? தட்டை எடுத்துக்கிட்டு இங்க வாடி" என்றார்.

போனேன். என் வீட்டுக்காரர் இறந்தபிறகு நேற்றுத்தான் மறுசோறு போட்டுக்கொண்டேன் அம்மா.

இங்கே தட்டெல்லாம் குருவி சாப்பிடுகிற அளவு. ஊரிலிருந்து யாராவது இங்கே வந்தால், என் வீட்டுக்காரர் சாப்பிட்ட பெரிய தட்டைக் கொடுத்தனுப்பு. குக்கர் கத்துகிறது, வருகிறேன்.

உன் மகள்