கிறிஸ்துமஸுக்குள் வருவான்

2 செப்டம்பர் 2012, ஞாயிறு

இலங்கை மன்னாரிலிருந்து திரும்பி எட்டு நாளாகிறது. இன்று விழுப்புரம் ஜெபக்குழுவில் சாட்சி சொல்ல வைத்தார்கள். பத்து நாள் ஊழியப் பயணம், ஆறு பேர் போனோம், வீடு வீடாக ஜெபித்தோம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். நான் விட்டதைக் குழுத் தலைவர் சின்னப்பராஜ் எழுந்து சொன்னார். "திரேசம்மான்னு ஒரு தாய்க்கு ஆண்டவர் வாக்கு குடுத்தாரு. காணாமப் போன மகன் இந்தக் கிறிஸ்துமஸுக்குள்ள வருவான்." எல்லாரும் கைதட்டினார்கள். நான் கைதட்டவில்லை.

5 செப்டம்பர்

எழுதிவிடுகிறேன். திரேசம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். மகன் அன்ரன். 2009-ல், சண்டையின் கடைசி நாட்களில், ஓடும் கூட்டத்தில் அவள் கையை விட்டுப் போனவன். அதை எங்களிடம் சொல்லி அழுதாள். நிறுத்தவே இல்லை. சின்னப்பராஜ் அவள் தலைமேல் கைவைத்து அந்த வாக்கைச் சொன்னார். அவள் என் பக்கம் திரும்பி, "உண்மையோ தங்கச்சி?" என்றாள்.

"உண்மைதாம்மா" என்றேன்.

நான்தான் சொன்னேன். லேபில் ஒரு சர்க்கரை அளவைக்கூட இரண்டு முறை பார்க்காமல் எழுத மாட்டேன். அங்கே எதைப் பார்த்துச் சொன்னேன்?

19 செப்டம்பர்

மூன்று நாளாக ஜெபமாலை சொல்லவில்லை. தலைவலி என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

14 அக்டோபர், ஞாயிறு

பூசை முடிந்து வெளியே வந்ததும் போன். திரேசம்மா!

"சும்மாதான் எடுத்தனான் தங்கச்சி. மருமகனுக்கு நீர்கொழும்பில வேலை. என்னையும் வரச் சொல்லி மகள் நிக்கிறாள். நான் மாட்டனெண்டுட்டன். அவன் வந்து, வீடு பூட்டிக் கிடந்தா எங்க போவான்? வாசலுக்குப் புது லைட் போட்டிருக்கிறன்."

நான் என்ன சொன்னேன்? "உடம்பைப் பாத்துக்குங்கம்மா." அவ்வளவுதான்.

31 அக்டோபர்

புயல். திண்டிவனம் முழுக்கக் கரண்ட் இல்லை. லேபில் மெஷின் ஓடவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தேன். சும்மா இருந்தால் அவள் குரல்தான் கேட்கிறது. மகள் போய்விட்டாளாம். இப்போது தனியாக இருக்கிறாள். ஞாயிறுதோறும் கூப்பிடுகிறாள்.

11 நவம்பர்

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். டவுன் பஸ் ஓட்டிவிட்டு வந்த களைப்பு. "நீயா போயி அந்தப் பையன இட்டுக்கினு வரப்போற? எதுக்குப் பேஜாரு? நம்பரை மாத்திடு ஜாக்கு" என்றார். பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன். நம்பரை மாற்றினால் போதுமா? யாருக்குப் போதும்?

24 நவம்பர், சனி

விழுப்புரம் பஸ் ஏறிச் சின்னப்பராஜ் வீட்டுக்கே போனேன். உட்காரக்கூட இல்லை.

"பிரதர், உங்களுக்கு நெஜமா கேட்டுச்சா?"

"நான் எங்க சிஸ்டர் சொன்னேன், ஆவியானவர்..."

"கேட்டுச்சா?"

மேசையிலிருந்த பைபிளை எடுத்து மூடி வைத்தார். பிறகு, "அந்தம்மா அழுதுக்கினே இருந்தாங்க. பாக்க முடியல சிஸ்டர்" என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. கோபப்படத்தானே போனேன்? முடியவில்லை. கிளம்பும்போது வாசல்வரை வந்தார். "அவங்ககிட்ட சொல்லிடாதீங்க. விசுவாசம் ஒடைஞ்சி போயிடும்."

யாருடைய விசுவாசம்? என்னுடையது உடைந்துதான் கிடக்கிறது. பூசையில் விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது வாய் மட்டும் அசைகிறது. ஆண்டவரே, நீர் பேசாதபோது உம் பேரில் பேசிவிட்டோமே... இது ஜெபமா? தெரியவில்லை.

9 டிசம்பர், ஞாயிறு

அவள் கூப்பிடுமுன் நானே கூப்பிட்டேன். பலகாரத்துக்கு மா இடித்ததாகச் சந்தோஷமாகத் தொடங்கினாள். இடையில் நிறுத்தினேன்.

"அம்மா, அவரு வருவாரா மாட்டாரா, எங்களுக்குத் தெரியாதும்மா. ஆண்டவர் எங்ககிட்ட ஒண்ணும் சொல்லல. உண்மைன்னு நான் சொன்னது பொய்."

வைத்துவிட்டாளோ என்று பார்த்தேன்.

"ஏன் பிள்ளை சொன்னனீங்கள்?"

"நீங்க அழுதீங்க."

"அழ விட்டிருக்கலாம்தானே."

வைத்துவிட்டாள்.

16 டிசம்பர்

எடுக்கவில்லை.

23 டிசம்பர்

எடுக்கவில்லை. தனியாக இருக்கும் வீடு. ஏதாவது செய்துகொண்டால்? கடவுளே, நானே கொன்றதாகிவிடுமே. இவர் பக்கத்தில் உட்கார்ந்து ஆறு முறை டயல் செய்து கொடுத்தார். நம்பரை மாற்று என்று இப்போது சொல்லவில்லை.

25 டிசம்பர்

கோயிலில் குழந்தை இயேசுவின் குடிலுக்கு முன் எல்லாரும் முழங்காலில். நான் நின்றேன்.

13 ஜனவரி 2013

திரேசம்மாவின் மகள் பேசினாள். கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்தவள் அம்மாவை நீர்கொழும்புக்குக் கூட்டிப்போய்விட்டாளாம். அம்மா முதலில் இரண்டு நாள் சாப்பிடவில்லையாம், பிறகு தானே பெட்டி கட்டினாளாம். வீட்டுச் சாவியையும் புது விலாசத்தையும் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, அவன் வந்தால் கொடுக்கச் சொல்லியிருக்கிறாள்.

"அம்மாகிட்ட ஒரு நிமிஷம் குடும்மா" என்றேன்.

"அவவுக்கு உங்களோட கதைக்க விருப்பமில்லையாம் அக்கா."

சரிதான். உயிரோடு இருக்கிறாள். வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன்.

2 மார்ச்

மே மாதம் மறுபடி மன்னாருக்குப் போகிறார்களாம், வருகிறேனா என்று சின்னப்பராஜ் கேட்டார். வரவில்லை என்றேன். "இந்த வாட்டி நான் வாக்கெல்லாம் சொல்ல மாட்டேன் சிஸ்டர்" என்றார், தாழ்ந்த குரலில். நம்புகிறேன். ஆனாலும் போகவில்லை.

6 ஏப்ரல், சனி

பஸ் ஸ்டாண்டில் தக்காளி வாங்கிக்கொண்டிருந்தபோது போன். புது நம்பர்.

"திரேசம்மா கதைக்கிறன். உங்களில கோபம் இன்னும் போகேல்ல. இண்டைக்கு அன்ரனுக்குப் பிறந்தநாள். அவன்ர பேரைக் கோயிலில ஒருக்காச் சொல்லுவியளோ? வருவானெண்டு சொல்ல வேண்டாம். பேரை மட்டும்."

"சொல்றேம்மா."

தக்காளிப் பையோடு அப்படியே கோயிலுக்குப் போனேன். யாருமில்லை. ஏழு மாதத்துக்குப் பிறகு முழங்காலில் நின்று, வாய்விட்டு, அன்ரன் என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. சீக்கிரம் எழுந்திருக்கவும் தோன்றவில்லை.