சேர்ந்து தாயானவள்

அத்லிஸ்கோ,
திங்கட்கிழமை.

அன்புள்ள கொமாத்ரே எவுலாலியாவுக்கு,

ரெஃபூகியோ எழுதுவது. திகுவானாவில் உங்களுக்குக் கன்னி மாதா துணையிருக்கட்டும். உங்கள் போன் நம்பர் வேலை செய்யவில்லை. அதனால் லாரிக்கார எவரிஸ்தோவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நீங்கள் என்னிடம் விட்டுப்போன உங்கள் மகள் நயேலி நன்றாகச் சாப்பிடுகிறாள், ஓயாமல் பாடுகிறாள். ஆனால் படியேறினால் உதடு நீலம் பூத்துவிடுகிறது. இதயத்தில் ஓட்டையாம். மழைக்காலம் முடிவதற்குள் ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்கிறார் டாக்டர். தாயின் சம்மதம் இல்லாமல் தொடமாட்டார்களாம்.

"பிள்ளைக்கு நீங்க என்ன வேணும்?" என்று ஆஸ்பத்திரி குமாஸ்தா கேட்டான். "அவ அம்மாவுக்குக் கொமாத்ரே" என்றேன். சிரித்துவிட்டான். "எங்க தெருவுல வம்பளக்குற பொம்பளைங்க எல்லாருமே கொமாத்ரேதான், போங்கம்மா!"

அவனைச் சொல்லி என்ன? சந்தையில் அழுகல் தக்காளியைத் தலையில் கட்டுகிறவளும் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறாள். மனது ஆறாமல் பாதிரியாரிடம் போய்க் கேட்டேன். பழைய லத்தீனில் அதற்குச் 'சேர்ந்து தாயானவள்' என்று பொருளாம். பிறகு பிரசவம் பார்ப்பவளுக்கும் அந்தப் பெயர் போனதாம். பெண்கள் கூடினால் பேச்சுத்தானே என்று கடைசியில் வம்புக்காரியும் ஆகிவிட்டாளாம். "இதை ஆஸ்பத்திரிக்கு வந்து சொல்லுங்க, சாமி" என்றேன். "அவங்க சட்டத்துல அந்த உறவே இல்லையேம்மா" என்றார்.

ஞானஸ்நானத்தன்று ஞானத்தாயாக நயேலியை ஏந்தி நின்றது இந்தக் கைதான். வழக்கப்படி என் வீட்டுக்காரர் கோயில் வாசலில் காசு வீச, பிள்ளைகள் விழுந்து பொறுக்கின. பள்ளிக்கூட நாளிலிருந்து 'அடியே' என்று கூப்பிட்டுக்கொண்ட நாம் அன்றிலிருந்து 'நீங்கள்' ஆனோம். கொமாத்ரேக்கள் சண்டை போடக் கூடாது. அதனால்தான் வயிறு எரிந்தாலும் மரியாதையாக எழுதுகிறேன். ஈஸ்டருக்குப் பிறகு உங்களிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. அங்கே உங்களுக்குப் புதுக் குடும்பம் என்கிறார்கள். இருந்தால் இருக்கட்டும், நான் கேட்கப் போவதில்லை. ஆனால் நயேலி கேட்கிறாள். பிள்ளையிடம் எத்தனை பொய்தான் சொல்வேன்?

நேரில் வாருங்கள். முடியாவிட்டால், உங்களுக்குப் பதில் நான் கையெழுத்திடலாம் என்று நோட்டரியிடம் எழுதி வாங்கி எவரிஸ்தோவிடம் அனுப்புங்கள். அவர் வெறுங்கையோடு திரும்பினால் வேறொரு ஆஸ்பத்திரிக்குப் போவேன். அங்கே கேட்டால், நான்தான் அம்மா என்று சொல்லிவிடுவேன்.

நேற்று மூச்சு வாங்கியபோது அவள் என்னை அப்படித்தான் கூப்பிட்டாள். நான் திருத்தவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. அடியே லாலி, சீக்கிரம் வா.

நம் மகளைக் கர்த்தர் காக்கட்டும்.

உங்கள் கொமாத்ரே,
ரெஃபூகியோ