கருப்பனுக்கு நீல மருந்து

ஐப்பசி 6, செவ்வாய்

வானம் மூடிக்கொண்டு நிற்கிறது, ஒரு சொட்டு இல்லை. குழாயில் தண்ணீர் வந்தது. குடிக்க நான்கு குடம், மீனுக்கு ஒரு வாளி. ராத்திரி முழுக்க வாளியைத் திறந்து வைக்கணும், குளோரின் வாடை போக.

தொட்டியில் இருக்கும் கருப்பு மீன் கருப்பன் விலாவில் வெள்ளைப் பஞ்சு. பூஞ்சைதான். போன வாரம் வாஸ்துக்காரன் பேச்சைக் கேட்டு இவர் மீன்தொட்டியை மூலை மாற்றிய லட்சணம். கருப்பன் வாளியிலிருந்து துள்ளி சிமெண்டுத் தரையில் உரசினான். தொட்டி இவர் கால் பெருவிரலில் இறங்கியது. மீனுக்கும் புண், வீட்டுக்காரருக்கும் புண். இவரோ சர்க்கரைக்காரர். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால்:

"எதுக்குட்டி? அதுக்குத்தான கருப்பு மீன் வளக்கோம். வீட்டுக் கண்ணேற எல்லாம் அவன் வாங்கிக்கிடுவான். அவன் போய்ட்டாம்னா என் புண்ணும் போயிரும்."

ஆக, மீன் செத்தால் இவர் ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார். கருப்பன் பிழைத்தே ஆகணும். என் தலையெழுத்து.

7, புதன்

வெயில். மீன் கடைக்காரர் சொன்னது:

"தனி டப்புல விடுங்க அக்கா. கொஞ்சம் கல்லுப்பு, இந்த நீல மருந்து சொட்டுக் கணக்குல. பெரிய தொட்டியில ஊத்திராதிய. பஞ்சப் பிச்சு எடுக்கேன்னும் நிக்காதிய."

துணி ஊற வைக்கும் டப்பைக் கழுவி, மருந்து கலந்து, கருப்பனை அதில் விட்டேன். தண்ணீர் நீலமாகி ஆளே தெரியவில்லை. கையெல்லாம் நீலம். சோப்புக்குப் போகவில்லை.

வாங்க: உளுந்து, கல்லுப்பு, இவர் மாத்திரை.

9, வெள்ளி

பாதித் தண்ணீர் மாற்றி மறுபடி மருந்து. பஞ்சு குறைந்த மாதிரி இருக்கிறது. காலையில் எழுந்ததும் இவர் டப்பை எட்டிப் பார்க்கிறார். "இன்னும் கெடக்கானா?" நான் கும்பிடாத சாமி இல்லை, இவர் இப்படி.

வீட்டுக்குள் சாக்ஸ் போட்டுத் திரிகிறார். ஏன் என்றால், "குளிருதுட்டி." கோவில்பட்டியில் குளிராம்!

11, ஞாயிறு

ஒருவழியாக மழை. கொழுந்தன் கடம்பூர் போளி கொண்டுவந்தார். இவர் நான் பார்க்கும்முன் இரண்டை விழுங்கியாச்சு. "அதையும் சேத்து கருப்பன் வாங்கிக்கிடுவாம்லா." வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். எழுத முடியாது.

சாயங்காலம் நீல மருந்து பாட்டிலில் பாதியைக் காணோம். நான் விட்டது சொட்டுக் கணக்கில். போர்வையில் நீலக் கறை. சாக்ஸை உருவினேன். ஐயோ, பெருவிரல் முழுக்க நீலம், கீழே கருப்பு. நாற்றம்.

"மீனுக்குக் கேக்குல்லா? மனுசனுக்குக் கேக்காதா?"

கத்தினேன். அழுதேன். இப்போதே கிளம்புங்கள் என்றேன். அசையவில்லை. "அவன் போகட்டும், பொறவு பாப்போம்."

12, திங்கள்

தூறல். பஞ்சு சுத்தமாக இல்லை, விலாவில் புதுத் தோல். இவர் கண்முன்னேயே தொட்டியில் விட்டேன். ஒரு சுற்றுச் சுற்றி மேலே வந்து இரைக்கு வாயைப் பிளக்கிறான். இவர் முகம் செத்துவிட்டது.

"பொழச்சுட்டானே. அப்பம் எனக்கு யாரு வாங்குவா?"

"யாரும் வாங்க வேண்டாம். செருப்பப் போடுங்க. வாசல்ல ஆட்டோ நிக்கி."

வந்தார். வழியெல்லாம் என் கையை விடவில்லை. இத்தனை நாளும் பயம்தான் இந்த மனுஷனுக்கு. சொல்லித் தொலைத்தால் என்ன?

டாக்டரம்மா சத்தம் போட்டார். விரலைக் காப்பாற்றிவிடலாமாம், இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் கால் போயிருக்குமாம். நர்ஸ், "இது என்னய்யா நீலம்?" என்றாள். இவர் என்னைப் பார்த்தார். "மீன் மருந்து" என்றேன். வேறென்ன சொல்ல?

கட்டுப் போட்டுப் படுக்க வைத்தபிறகு:

"அவன் எப்பம் சாவாம்னு நான் பாத்துக்கிட்டு இருந்தேன். நீ எதுக்குட்டி அவனப் போட்டு அந்தப் பாடு பட்ட?"

"அவன் செத்திருந்தா நீங்க இங்கன வந்திருப்பியளா?"

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. சாக்ஸைக் குப்பையில் போட்டேன்.